எண்பத்து நான்காவது கண்ணாடிப் பெட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் கூடத்தில் எண்பத்து மூன்று பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம். அன்று மாலை என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘பெட்டிகள் 84. வந்தவர்கள் 83. மிச்சம் 1. கணக்கு சரி.’ அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறேன். முப்பது வருடமாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் இவ்வளவு தப்பான வரி வேறு இல்லை.

நான் அந்தப் பள்ளியில் நூலகர். செவிலிமேட்டிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசக் கண் முகாம் நடத்துகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தறிக்காரர்கள். பெயர், அளவு, பட்டியல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்த வருடம் என்னிடம் கொடுத்தார்கள். நான் ஒழுங்கான ஆள் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

அதற்கு முந்தைய வருடம்தான் நூலகத்துக்காக வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது டெம்ப்ளேட். நூறு பேர் பட்டியல் என்றால் நூறு வரி எழுத வேண்டியதில்லை. மாதிரிக்கு ஒரே ஒரு வரி எழுதி, பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை தடவை இதையே திருப்பிப் போடு என்று சொல்லிவிட்டால் போதும். அது சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராக எடுத்துப் போட்டுவிடும். இதை லூப் என்கிறார்கள். சுற்றும்போதே இது எத்தனையாவது சுற்று என்று அது தானாகவே எண்ணிக்கொள்ளும். அந்த எண் லூப் கவுண்டர். வரிசை எண்ணுக்காக நாம் தனியாக மெனக்கெட வேண்டாம், அந்தக் கவுண்டரைப் போடு என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக வந்து நிற்கும். வாழ்நாள் முழுவதும் பதிவேட்டில் கையால் எண் போட்டே தேய்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லத் தெரியவில்லை.

முதலில் எங்கள் ஆசிரியர் பெயர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அந்தக் கவுண்டரில் பூஜ்யத்திலிருந்து எண்ணும் ஒரு வகையும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியை பெயர் முதலில் வந்தது, பக்கத்தில் 0. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, “இத்தனை வருஷ சர்வீஸுக்கு இதானா?” என்றார். அதைச் சரிசெய்தேன். பிறகு அதே கவுண்டரை வைத்து இன்னொரு வேலையும் செய்தேன். வருகிறவர்கள் கண் மங்கியவர்கள், சுவரில் ஒட்டும் பட்டியலில் தங்கள் வரி எது என்று தடுமாறக் கூடாது. ஆகவே கவுண்டர் இரட்டைப்படையாக வந்தால் அந்த வரிக்குச் சாம்பல் நிறப் பட்டை, ஒற்றைப்படையாக வந்தால் வெள்ளை. அச்செடுத்துப் பார்த்தபோது கரை போட்ட துணி மாதிரி இருந்தது.

கண்ணாடி கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, கண் பார்த்த முகாம் நாளில் எல்லாம் நன்றாகவே நடந்தது. தறிக்காரர்களுக்குப் படிக்கிற கண்ணாடி மட்டும் போதாது. தறியில் உட்கார்ந்தால் இழை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண் பரிசோதகர் ஒவ்வொருவரையும் தறியில் உட்காருவது போல உட்காரச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு பட்டு இழையைப் பிடித்து, அது தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தே அளவு எழுதினார். ஒவ்வொருவரும் வந்து பெயர் பதியப் பதிய, பட்டியலில் வந்த எண்ணை ஒரு சீட்டில் நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன், பட்டியலை அச்செடுத்துச் சுவரிலும் ஒட்டினேன். மொத்தம் எண்பத்து நான்கு. மறுநாள் எண்ணையும் அளவையும் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினேன். பெட்டியில் ஒட்ட எண் மட்டும் போதும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சட்டமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி, பழுப்பு நிறம்.

இரண்டு நாள் கழித்து ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பன்னிரண்டாவது ஆளின் கைப்பேசி எண்ணும் முப்பத்தொன்றாவது ஆளின் கைப்பேசி எண்ணும் ஒன்று. விசாரித்தால் ஆளும் ஒருவர்தான். காலையில் பார்த்த அளவு சரியா என்று அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்து, இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு வரும்படி அனுப்பியிருக்கிறார். அவரும் இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லி மறுபடியும் வரிசையில் நின்றிருக்கிறார். கடையில் அதற்குள் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். போகட்டும், ஒரு கண்ணாடி அதிகம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பட்டியலிலிருந்து அந்த முப்பத்தொன்றாவது வரியை நீக்கினேன். நீக்கிய நாளையும் நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

கண்ணாடி கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போய்ப் பட்டியலைப் புதிதாக அச்செடுத்து ஒட்டினேன். சிலர் பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பர் மாறியிருக்கிறதே என்று கேட்டார்கள். அது பழசு, ஒரு பெயர் இரண்டு தடவை இருந்தது, எடுத்துவிட்டேன், சுவரில் இருப்பதைப் பாருங்கள் என்று அவர்களுக்கு நானே விளக்கம் சொன்னேன். பரிசோதகர் அன்று வரவில்லை. நான் செய்தித்தாளை நீட்டிப் படிக்கச் சொன்னேன். எல்லோரும் படித்தார்கள். கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறது என்றவர்களிடம், புதுக் கண்ணாடி பழக ஒரு வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பழைய கண்ணாடிகளை வேறு ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பெட்டியில் போடச் சொல்லி வாங்கி, திங்கட்கிழமை காலையே சென்னைக்கு அனுப்பியும் விட்டேன். கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியது. நான் எதிர்பார்த்தபடியே மிஞ்சியது. அதனால்தான் அந்தக் கோடு.

புதன்கிழமை மதியம் ஒரு அம்மா பள்ளிக்குப் போன் செய்தார். முகாமில் பார்த்த ஞாபகம் இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும், தறி நெய்கிறவர்.

“டீச்சர், ஒரு வாரம் ஆவும்னு சொன்னீங்க. மூணு நாள்தான் ஆவுது, தெரியுது. ஆனா எனுக்கு ஒரு வாரம் கெடையாது.”

பள்ளி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

முன்னறையில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர் கணவர் நெய்துகொண்டிருந்தார். இன்னொன்று ஓடவில்லை, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த அம்மா வேட்டியை விலக்கிக் காட்டினார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு நிறக் கரை. அவர் மகனுக்குப் பதினொரு நாளில் கல்யாணம். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போக வேண்டிய கூறைப்புடவை இது. முந்தானையும் இரண்டு முழமும் பாக்கி, எட்டு நாள் வேலை இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும்.

“பேப்பர் படிக்க முடியுது டீச்சர். இழைதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது. நேத்து அறுந்த இழையை முடி போடறேன்னு பக்கத்துல இருந்த நல்ல இழையப் புடிச்சி இழுத்துட்டேன். அதோட மூடி வெச்சிட்டேன்.”

“புதுக் கண்ணாடிம்மா. பழகப் பழகச் சரியாயிடும்.”

“பழகறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சி பேரனே பொறந்துடுவான்” என்றார் கணவர், தறியை நிறுத்தாமல்.

மீதியை அவர் நெய்து கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

“தறியில அவுரு அடிக்கிற அடி வேற, என் அடி வேற. பாதியில கை மாறினா துணியே சொல்லிடும். பொண்ணு தாமல்ல இருந்து வருது, கம்பெனி வேலைக்குப் போவுது, கலரு கூட அதுதான் சொல்லிச்சி. அது ஒண்ணும் சொல்லாது, நல்ல பொண்ணு. வர்ற சொந்தக்காரங்க எல்லாம் யாரு? தறிக்காரங்க. பொண்ணு மாப்ளையப் பாக்கறாங்களோ இல்லியோ, மொதல்ல கரையும் ஒடலும் சேர்ற எடத்தைத் திருப்பிப் பாப்பாங்க. மாமியாக்காரி நெய்ஞ்சதான்னு கேப்பாங்க.”

“அப்பறம் அந்தக் கதையை மாகறல் வரைக்கும் சொல்லிக்கினு போவாங்க” என்றார் கணவர்.

பழைய கண்ணாடி இருந்தாலாவது போட்டுக்கொண்டு நெய்யலாம். அதை நான் வாங்கி அனுப்பியாயிற்று. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை, நானேதான் நினைத்துக்கொண்டேன். புதிதாக அளவு பார்த்து இன்னொன்று செய்தால் பத்து நாளாவது ஆகும் என்று கடையில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அப்போது அந்த அம்மா, “இன்னொண்ணு இருக்குது டீச்சர், அதுதான் புரியல” என்று சொல்லி, வாசலுக்குப் போய் “வதினா” என்று குரல் கொடுத்தார். எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவை இவர் அவர்கள் மொழியிலேயே அண்ணி என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிறார். முகாமில் இவருக்கு அடுத்து வரிசையில் நின்றவரும் அவர்தான். வதினா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து, இந்த அம்மாவைக் கைகாட்டியபடியே பேசினார்.

“நேத்து சாயங்காலம் புடவை பாக்க வந்தேன். கண்ணாடியக் கழட்டி இங்க வெச்சேன். எல்லாம் ஒரே மாதிரி சனியன் இல்ல? இது என்னுத எடுத்து மாட்டிக்கினு, வதினா, இழை தெரியுதுன்னுது.”

“அப்படின்னா ரெண்டு பேருக்கும் மாறிப்போயிருக்கும். மாத்திக்கிட்டாப் போதுமே.”

“அதான் இல்ல டீச்சர். என்னுது இதுக்குச் சேருது. இதோடது எனுக்குச் சேரல. இது கண்ணாடிய மாட்டிக்கினு எங்க வூட்டுக்காரரப் பாத்தேன். முப்பது வருஷமா பாக்கறேன், இப்பிடித் தெரிஞ்சதில்ல.”

இரண்டு பெட்டிகளையும் கொண்டுவரச் சொன்னேன். தறிக்கார அம்மாவின் பெட்டியில் 57, வதினாவின் பெட்டியில் 58. சுவரில் ஒட்டிய பட்டியலிலும் அவர்கள் எண் அதுதான், சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

“சீட்டுல எனுக்கு அம்பத்தெட்டுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க” என்று அந்த அம்மா மஞ்சள் டப்பாவிலிருந்து மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்து. “நம்பரு கெடக்கட்டும் டீச்சர். கலரே மாறிடுச்சே. அன்னிக்கு சுவத்துல என் பேரு பட்டையில இருந்துது, வதினா பேரு வெள்ளையில. ஞாயித்துக்கெழம பாத்தா நான் வெள்ளையில இருக்கறேன், வதினா பட்டையில. அப்பவே சொன்னேன்.”

“சொல்லிச்சி” என்றார் வதினா. “நான்தான், டீச்சருக்குத் தெரியாததா, வாயை மூடிக்கினு வான்னு இழுத்துக்கினு வந்தேன்.”

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். முப்பத்தொன்றாவது வரி நீக்கம் என்று தேதியோடு எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்ததும் நடந்தது என்ன என்று புரிந்துவிட்டது.

கவுண்டர் ஒரு ஆளுக்கு எண் கொடுப்பதில்லை. அது சுற்றை மட்டும் எண்ணுகிறது. முப்பத்தொன்றாவது ஆளை எடுத்தால், அடுத்த முறை பட்டியல் வரும்போது முப்பத்திரண்டாவது ஆள் முப்பத்தொன்றாகிவிடுவார். முப்பத்து மூன்றாவது ஆள் முப்பத்திரண்டாகிவிடுவார். கடைசி வரைக்கும் இப்படியே ஒவ்வொருவராக ஒரு இடம் முன்னால் நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் பெட்டிகள் பழைய எண்ணோடு கடையில் உட்கார்ந்திருந்தன. ஆகவே முப்பத்திரண்டிலிருந்து எண்பத்து நான்கு வரைக்கும், ஐம்பத்து மூன்று பேரும் அன்று தமக்கு முன்னால் நின்றவரின் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மிஞ்சிய பெட்டி இரண்டு தடவை வந்தவருடையது இல்லை. அது கடைசி ஆளுடையது.

இதை அவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். லூப், டெம்ப்ளேட் என்று என்னென்னவோ சொன்னேன். வதினா தலையைத் தலையை ஆட்டினார், ஆனால் ஒன்றும் புரியவில்லை என்று முகம் சொன்னது. தறிக்கார அம்மா என்னை நிறுத்தினார். தறியில் சீப்பு மாதிரி இருந்த அச்சைத் தொட்டுக் காட்டினார். பாவு இழைகளை ஒவ்வொன்றாக அந்தப் பல்லுக்குள் கோத்திருந்தது.

“இதுல ஒரு பல்லு விட்டுக் கோத்தாப்பலன்னு சொல்லுங்க. அதுக்கப்பறம் எவ்ளோ ஒழுங்கா கோத்தாலும் எல்லாம் ஒரு பல்லு தள்ளித்தான் நிக்கும். கோக்கறவங்களுக்குத் தெரியாது, கை சரியாத்தான் போய்க்கினு இருக்கும்.” என் பக்கம் திரும்பிக் கேட்டார். “கடைசியில ஒண்ணு மிஞ்சிச்சா டீச்சர்?”

“மிஞ்சிச்சு.”

“மிஞ்சினப்பவே பிரிச்சிருக்கணும்.”

கணவரின் தறி நின்றுவிட்டது. அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் ஒன்று மிஞ்சினால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒன்று மிஞ்சியதால் எல்லாம் சரி என்று கோடு போட்டிருந்தேன்.

வதினாவின் கண்ணாடியை மட்டும் இவருக்குக் கொடுத்துவிட்டு மற்றதை மெதுவாகப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வெளியிலும் கேட்டுவிட்டேன். “அப்ப வதினா? அதுக்குப் பின்னாடி நின்னவங்க?” என்றார் அந்த அம்மா. “எங்க தப்பாச்சோ அங்கருந்து பிரிச்சித்தான் கோக்கணும். வேற வழி இல்ல.”

அன்று மாலை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஐம்பத்து மூன்று பேருக்கும் போன் செய்தேன். தப்பு என்னுடையது, உங்கள் கண்ணில் ஒன்றும் இல்லை, நாளைக் காலை ஏழு மணிக்குக் கண்ணாடியோடு பள்ளிக்கு வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பேர் திட்டவும் செய்தார்கள், நியாயமாகவே. ஆனால் பெரும்பாலானவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர், “அப்ப எனுக்கு வயசாவலியா?” என்று கேட்டார். ஒரு அம்மா, சர்க்கரை ஏறித்தான் கண் மங்குகிறது என்று மூன்று நாளாகக் காபியை விட்டிருந்தாராம், போனை வைப்பதற்குள் வீட்டில் காபி போடச் சொல்லும் சத்தம் கேட்டது. இன்னொருவர் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பூசணிக்காய் உடைத்திருந்தார். “காய்க்குக் கூட நீங்கதான் டீச்சர் பதில் சொல்லணும்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழுக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. சுவரோரமாக ஐம்பத்து மூன்று நாற்காலிகளை வளைத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் பழைய சீட்டு எண்ணை ஒட்டியிருந்தேன், 32 முதல் 84 வரை. ஒருவர் மட்டும் வரவில்லை. அவருடைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் மனைவி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் கையில் இருப்பதை முன் எண்ணில் உள்ளவரிடம் கொடுங்கள், பின் எண்ணில் உள்ளவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

நான் நினைத்தது போல நடக்கவில்லை. பாதிப் பேர் வலது பக்கம் கொடுத்தார்கள், பாதிப் பேர் இடது பக்கம் கொடுத்தார்கள். ஒருவர் மடியில் மூன்று கண்ணாடி, பக்கத்தில் இருந்தவர் கையில் ஒன்றும் இல்லை. முன் எண் என்றால் பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று ஒரு சண்டை. கடைசியில் வதினா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“எல்லாம் அவங்கவங்க பொட்டியத் திரும்ப வாங்கிக்கினு உக்காருங்கப்பா. இப்ப கோபுரம் தெரியற ஜன்னல் பக்கம் மட்டும் பாத்துக் குடுங்க. ஜன்னலைப் பாக்காம யாரும் கை நீட்டக் கூடாது.”

அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டிகள் கை மாறி, சின்ன எண்கள் இருந்த அந்த ஜன்னல் பக்கமாக நகர்ந்தன. முப்பத்திரண்டாவது நாற்காலிக்காரர் தன் கையிலிருந்ததை என்னிடம் கொடுத்தார். நான் மிச்சப் பெட்டியைக் கொண்டுபோய் எண்பத்து நான்காவது நாற்காலியில் இருந்தவரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை செய்தித்தாள் இல்லை. தறிக்கார அம்மா தன் தறியிலிருந்து மாம்பழ மஞ்சள் பட்டு இழைகளைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவராக அதைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தெரியுது, தெரியுது என்று சத்தம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

ஐம்பத்தேழாவது நாற்காலியில் இருந்தவர் கோயில் வாசலில் பூ கட்டி விற்கிறவர். மடியில் வைத்துப் பூத் தொடுப்பதற்காக அளவு எடுத்த அவர் கண்ணாடியோடுதான் இந்த அம்மா மூன்று நாள் தறியில் மல்லுக்கட்டியிருக்கிறார்.

“என் கண்ணாடியப் போட்டுக்கினா நீ பட்டு நெய்ஞ்ச?” என்றார் பூக்காரர்.

“உன் கண்ணாடியில மல்லிப்பூதான் தெரியும். இழை எங்க தெரியும்?”

“எனுக்கு மட்டும் என்னா, மூணு நாளா மல்லிக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாம கட்டிக் குடுத்துக்கினு இருக்கறேன். சாமி கூட ஒண்ணும் கேக்கல, போற வர்றவங்கதான் கேட்டாங்க.”

இரண்டு தடவை கண் காட்டிக்கொண்டவரும் கூப்பிடாமலேயே வந்திருந்தார். என் கையில் இருந்த கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தார், பிறகு தன்னுடையதை மாட்டிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்று மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போனார். எட்டேகாலுக்குக் கூடம் காலி. எட்டரைக்கு அங்கே பிள்ளைகளின் காலைக் கூட்டம் நடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை நடந்த கல்யாணத்துக்கு நானும் போனேன். அவர் சொன்னது போலவேதான் நடந்தது. வந்தவர்கள் மேடையேறியதும் அட்சதையைப் போட்டுவிட்டு மெல்ல மணப்பெண்ணின் முந்தானையைப் பிடித்தார்கள். கரை சேரும் இடத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்கள். பெண் பாவம், சிரித்துக்கொண்டே நின்றது. ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அந்த அம்மா என் பக்கம் குனிந்து, “அவுரு ஒண்ணும் சொல்லலன்னா அதுக்கு மேல சர்டிபிகேட் கெடையாது டீச்சர்” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வலைப்பக்கத்தைத் திருத்தினேன். ஒருவர் பதிவு செய்யும்போதே அவருக்கென்று ஒரு எண்ணைக் கொடுத்து அவர் பெயரோடு சேர்த்து வைத்துவிடுகிறேன். அந்த எண் அவருடையது. அவரே விலகிப் போனாலும் இன்னொருவருக்குப் போகாது. கவுண்டருக்கு இப்போது வரிகளுக்குப் பட்டை போடும் வேலை மட்டும்தான். அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது. போன வருட முகாமுக்கு வந்த வதினா சீட்டை வாங்கிக்கொண்டு, “இந்த நம்பரு என்னுதா, இல்ல வரிசையோடதா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். உங்களுடையதுதான் என்றேன். அவர் நம்பாமல் தறிக்கார அம்மாவிடம் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு என்னை உறுத்துவது எண்கள் நகர்ந்தது இல்லை. சுவரில் ஒட்டிய பட்டியல் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால், ஐம்பத்து மூன்று பேர் நான்கு நாள் அதைச் சந்தேகிக்காமல் தங்கள் கண்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு சரியாக வந்த நாட்களில் இப்போதெல்லாம் நான் கோடு போட அவசரப்படுவதில்லை, பட்டியலில் உள்ள யாராவது ஒருவரைத் தேடிப்போய் ‘உங்களுக்குத் தெரிகிறதா?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைத்தான் எழுதி வைக்கிறேன்.